படங்குக் கடைக்கு எதிர்ப்பக்கம்

வெளிநாடு போய்ப் படிக்க ஆசைப்பட்டேன். அதற்கு முன்னால் என் சொந்த மாகாணத்துக்குள்ளேயே மூன்று நாள் நாயாய் அலைய வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் தேவைப்படாத பயணம்தான். ஆனால் போன இடமெல்லாம் "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டார்கள். விமான நிலையத்து அதிகாரிகூட அப்படிக் குடைந்து கேட்க மாட்டார்.

திங்கட்கிழமை காலை, பதுளையில் நான் படிக்கும் கல்லூரியின் கேண்டீனில் இருந்தபோது கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தமிழ்நாட்டில் மூன்று வருடம் உணவுத் தொழில்நுட்பம் படிக்க உதவித்தொகை ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பது. யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தேன். பேசியவர் ஒரு பெண்மணி.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. கடிதம் அனுப்பி மூன்று வாரமாகுது. வாறீங்களா இல்லையான்னு நீங்க ஒண்டும் சொல்லலையே?"

"எந்தக் கடிதம் மிஸ்?"

"உங்கட படத்தை ஒட்டி, மேல சீல் குத்தி, பதிவுத் தபால்ல அனுப்பின கடிதம். அது கையில இல்லாம உள்ள விட மாட்டாங்க மகள். பிரதி தர எங்களுக்கு அதிகாரமும் இல்ல."

போனை வைத்தேன். எதிரில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடமாக வகுப்பில் என் பக்கத்து நாற்காலி. பண்டாரவளை டவுன், அப்பாவுக்குப் பலசரக்குக் கடை என்று சொல்லியிருக்கிறாள். பதுளையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். படிப்பில் எப்போதும் என்னைவிட ஒரு படி மேல்.

"யாரு?" என்றாள்.

"ராங் நம்பர்" என்றேன்.

அன்று மத்தியானமே அவளும் வயிற்று வலி என்று வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். நான் இருந்த இருப்பில் அவளைக் கவனிக்கவில்லை.

பதுளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. கொழும்பிலிருந்து வரும்போது தூங்கிப்போனாலும் ஊரைத் தவறவிட முடியாது; எழுப்பி இறக்கிவிடுவார்கள். சுற்றிலும் மலை, அடியில் டவுன். மேலே தோட்டங்களில் எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டிருக்கும்போது நாங்கள் கீழே ஃபேன் காற்றில் படுத்திருப்போம். எனக்கு எட்டு வயதில் அப்பா எங்களைத் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே கூட்டிவந்தார். லயம் என்கிற, ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம் இருக்கும் வரிசை வீட்டிலிருந்து, கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு. அப்பாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடையில் லாரி ஓட்டும் வேலை. அம்மா வீட்டில் தையல்.

டவுனில் படிக்கிற பிள்ளைகளிடம் "தோட்டமா?" என்று ஒரு கேள்வி உண்டு. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நம்மோடு கொஞ்சம் மெதுவாகவும் கொஞ்சம் சத்தமாகவும் பேசுவார்கள். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். அதனால் "பதுளை டவுன்" என்று சொல்லி முடித்துவிடுவேன். பொய் இல்லை. மீதியைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு கடை இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு, கூடைக் கயிறு, ரப்பர் செருப்பு எல்லாம் விற்கிற கடை. படங்குக் கடை என்றே பெயர். மலையிலிருந்து இறங்கி வருகிற தோட்டத்து ஜனம் முழுக்க அதன் வாசலில்தான் நிற்கும். அந்தக் கூட்டத்தில் என் சொந்தக்காரர் யாராவது இருந்து, "ஏய் வினோ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டுவிட்டால்? அதனால் நான் எதிர்ப்பக்கமாகவே நடப்பேன், குடையைக் கடை இருக்கும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

இவ்வளவு கெட்டிக்காரி, விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் தோட்டத்து முகவரியை எழுதியிருந்தேன். எங்கள் பெயர் இன்னும் அங்கேதான் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. பதுளை வீட்டுக்குத் தபால்காரர் வாசலில் வந்து மணி அடிப்பார். லயத்துக்கு யாரும் வர மாட்டார்கள். கடிதமெல்லாம் ஒரே பையில் தோட்ட ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரிப்பதற்காக ஆட்கள் கூடுகிற பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். யார் நிற்கிறார்களோ அவர்கள் கை நீட்டுவார்கள். இது எனக்குத் தெரியாததா? பதினான்கு வருடமாக மறந்து மறந்து பழகியிருந்தேன். எழுதும்போதும் மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் தெமோதரைக்குப் போனேன். பெட்டி முழுக்க வெள்ளைக்காரர்கள். கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். அவர்களோடு வந்த வழிகாட்டி, சரிவில் கூடையோடு நின்ற பெண்களைக் காட்டி ஆங்கிலத்தில், "இவர்கள் நாள் முழுவதும் பாடிக்கொண்டே கொழுந்து பறிப்பார்கள்" என்று விளக்கினார். என் பெரியம்மா பாடி நான் கேட்டதில்லை. திட்டித்தான் கேட்டிருக்கிறேன். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அன்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதுளையிலிருந்து போகிற ரயில் முதலில் தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகுதான் மேலே ஸ்டேஷனுக்கு வரும். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். நான் பல்லைக் கடித்தேன்.

தோட்ட ஆபீசில் கிளாக்கர் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கேயே வேலை பார்த்து நரைத்தவர். பெரிய பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உமக்கு வந்த கடிதம் பெரட்டில கூப்பிட்டுக் குடுத்தாச்சுப் பிள்ளை. உம்மட பெரியம்மா லெட்சுமி கையெழுத்து வைச்சு எடுத்தவா. இஞ்ச பாரும்."

"என் பேருக்கு வந்தத அவங்ககிட்ட குடுக்கலாமா ஐயா?"

"நீர் எங்க இருக்கிறீர் எண்டு எனக்கென்ன தெரியும்? இந்த முகவரியில இருக்கிறவ அவாதானே."

மலை ஏறினேன். மூன்றாம் நம்பர் மலையில் பெரியம்மா தேயிலை நிரையில் நின்றாள். அட்டை இரண்டு இடத்தில் கடித்து என் சாக்ஸ் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கை மட்டும் நிற்கவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரம் வரை அந்தக் கை நிற்காது.

"வந்துச்சு வந்துச்சு. நாந்தான் வாங்குனேன். ஒனக்கு ரெண்டு தடவ போன் அடிச்சேன், நீ எடுக்கல. மூணாந்தடவ எடுத்து, அப்பறம் பேசுறேன்னு வச்சிட்ட."

எனக்கு நினைவு வந்தது. கேண்டீன். எதிரில் சுகன்யா. பெரியம்மா போனில் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே பக்கத்து மேசைக்குக் கேட்கும். அதனால் ஒரே நொடியில் துண்டித்தேன். திரும்பக் கூப்பிடவும் இல்லை.

"இப்ப எங்க பெரியம்மா இருக்கு?"

"பக்கத்து வூட்டு முத்தையா மாமா பதுளைக்குப் போறேன்னாரு. அவருகிட்டக் குடுத்துவுட்டேன். மொத கொஸ்லந்தைக்கு மக வூட்டுக்குப் போயி, பேத்தி காதுகுத்த முடிச்சிட்டு அப்பிடியே பதுளைக்கு வரேன்னாரு. போயி ரெண்டு வாரமாச்சு."

"அவருக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணுனேன். அந்தப் பொம்பளதான் பேசுறா. சிங்களத்துல பேசுறா, தமிழ்ல பேசுறா, முத்தையாவ மட்டும் குடுக்க மாட்டேங்குறா."

சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும், ஆனால் அழுகைதான். பெரியம்மா அப்போதுதான் கையை நிறுத்தினாள்.

"ஏன் அழுவுற? நம்ம ஆளுக கையிலதான இருக்கு. எங்க போயிரும்?"

கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் சுற்றிக் கொடுத்தாள். அவளுடைய மத்தியானச் சாப்பாடு. பஸ்ஸில் அதைத் தின்றுகொண்டே ஊர் திரும்பினேன். உறைப்பில் கண்ணீர் வந்தது நல்லதாகப் போயிற்று, பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை விடியக்காலையே கொஸ்லந்தைக்குக் கிளம்பினேன். பண்டாரவளை, ஹப்புத்தளை வரை பிரச்சினை இல்லை. ஹப்புத்தளை தாண்டியதும் மழை. பெரகலைக்கு இறங்கும் வழியில் மண் சரிந்து, ரோட்டில் பாதி இல்லை. பஸ் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. டிரைவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கினார். அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது.

கடைசியில் கண்டக்டர் ஒரு வழி சொன்னார். சேற்றை நடந்து தாண்டினால் அந்தப் பக்கம் நிற்கிற பஸ், நம்மை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். வரிசையாக இறங்கினோம். "சப்பாத்தைக் கழற்று தங்கச்சி" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். "அந்தப் பக்கம் போகும்போது கால் கட்டாயம் இருக்க வேண்டும், சப்பாத்து இருந்தால் லாபம்." முழங்கால் வரை சேறு. மேலே மலை, அடுத்து என்ன விழும் என்று தெரியாத மலை. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெண் ஒருத்தி வாய்க்குள் ஏதோ பிரார்த்தித்துக்கொண்டே வந்தாள். எந்தச் சாமி என்று பார்க்கவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஸ்லந்தைக் கடைவீதியில் இறங்கும்போது மணி இரண்டு. பசியில் ஒரு மீன் பணிஸ் வாங்கிக் கடித்தேன். உள்ளே மீனைவிட உருளைக்கிழங்கு அதிகம், ஆனால் சூடு. அப்போதுதான் சுகன்யாவின் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக வகுப்புக்குப் போகவில்லை, அவள் சந்தேகப்படுவாள். ஒரு மரக்கறிக் கடையின் முன்னால் ஒதுங்கி நின்று போன் செய்தேன்.

"நான் அம்மாவோட ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்றேன், மழையில் நின்றுகொண்டு. "நோட்ஸ் எடுத்து வையேன்."

"நானும் போகல. பண்டாரவளையில வூட்டுலதான் இருக்கேன். வயிறு இன்னும் சரியாகல." அவள் குரல் கம்மியிருந்தது.

அந்த நேரம் பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ ஒன்று தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அதே பாட்டு போனுக்குள்ளும் கேட்டது. ஒரு காதில் ஒரு தடவை, மறு காதில் ஒரு தடவை. மழைக்கு சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். இருவரும் அவசரமாகப் போனை வைத்தோம்.

முத்தையா மாமாவின் மகள் சாந்தி என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா போன வாரமே மொனராகலைக்குப் போயிட்டாருங்களே! காதுகுத்துக்கு வந்தவரு ஒருத்தரு, பேக்கரியில வெறகு அடுக்குற வேல இருக்குன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

"லெட்டர் அவர்கிட்டயா இருக்கு?"

"அத எங்களத் தொடவே வுடல. ஈரம் படக் கூடாதுன்னு பொலித்தீன்ல சுத்தி, சட்டைக்கு உள்ள வச்சிருந்தாரு. படிக்கிற புள்ளையோட லெட்டருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

மழையில் அன்றைக்கு அதற்குமேல் பஸ் இல்லை. சாந்தியின் வீட்டிலேயே தங்கினேன். கூரையில் மழை அடிக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் எல்லோரும் ஒரு கணம் மலைப் பக்கம் பார்த்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். பதுளையில் நாங்கள் மழை பெய்தால் துணி எடுக்க ஓடுவோம். இங்கே மழை வேறு விஷயம். ஒரு கடிதத்துக்காக இவ்வளவு அமளி செய்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வெல்லவாய்க்கு இறங்கினேன். அங்கிருந்து மொனராகலை. மலையிலிருந்து இறங்க இறங்க, போர்த்தியிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. கரும்பும் வாழையும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காய்ந்துகொண்டிருந்தன. வழியில் பஸ் நின்று, டிரைவர் இறங்கி அவித்த சோளம் வாங்கி, உப்புத் தண்ணீர் தெளித்து, ஆற அமரத் தின்றார். பக்கத்துச் சீட்டுக்காரர் எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்றேன். நாளை காலை பத்து மணிக்குக் கொழும்பில் இருக்க வேண்டும். அதற்கு இன்று மாலை, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பதுளையிலிருந்து புறப்படும் ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும்.

மூன்று பேக்கரிகளில் விசாரித்து, மூன்றாவதின் பின்கட்டில் முத்தையா மாமாவைப் பிடித்தேன். விறகுச் சாம்பலில் புருவம்கூட வெள்ளையாக இருந்தது.

"அடடா, லாரிக்கார ராமு மவளா! இம்புட்டுத் தூரம் எதுக்கும்மா வந்த?"

"லெட்டர் மாமா. என் லெட்டர்."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அது பதுளையிலயில்ல இருக்கு?"

"பதுளையில எங்க?"

"படங்குக் கடையில. நான் வர முடியலன்னதும் போன வாரமே பதுளை பஸ் கண்டக்டர் கையில குடுத்துட்டேன். போன வேற தண்ணியில போட்டுட்டேன், சொல்ல முடியல. படங்குக் கடையில குடுத்தா வூட்டுல குடுத்த மாதிரிதான? நம்ம சனத்துக்கு வர்ற சாமான், மருந்து, லெட்டரு எல்லாம் அங்கதான கெடக்கும். நீ தெனமும் அந்த வழியாத்தான போற. மொதலாளி கூப்பிட்டுக் குடுத்திருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

நான் பக்கத்திலிருந்த விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. கல்லூரிக்குப் போக ஒரு முறை, திரும்ப ஒரு முறை. தினம் இரண்டு முறை அந்தக் கடிதத்தைத் தாண்டி நடந்திருக்கிறேன், குடையைச் சாய்த்துக்கொண்டு.

அம்மாவுக்குப் போன் செய்து கடைக்கு ஓடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள். கடை பூட்டியிருக்கிறது, முதலாளி ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், நாலு மணிக்குத்தான் திறப்பாராம். "நீ துணிய எடுத்து வை, ஸ்டேஷனுக்குப் போயி டிக்கெட் எடு. நான் நேரா கடைக்குப் போறேன்" என்றேன். பன்னிரண்டு மணிக்குப் பதுளை பஸ்ஸில் ஏறினேன்.

பசறைக்கு ஏறுகிற வளைவுகளில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலியில் ஆளுக்கொரு போத்தல் பிடித்து ஊற்றினோம். நானும் ஆறு போத்தல் சுமந்தேன். ஒரு ஐயா என்னைப் பார்த்து, "பஸ்காரனைவிட இந்தப் பிள்ளைக்குத்தான் அவசரம்" என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடைக்காரர் கல்யாணத்திலேயே தங்கிவிட்டால்? கண்டக்டர் வேறு கடையில் கொடுத்திருந்தால்?

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கும்போது நாலு இருபது. கடை திறந்திருந்தது. பழக்க தோஷத்தில் கால் எதிர்ப்பக்கம் திரும்பியது. திருப்பி இழுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். குடையை மடக்கிக் கல்லாமேசையில் வைத்தேன்.

"ஆர். வினோதினின்னு ஒரு லெட்டர் வந்திருக்குங்களா, மொதலாளி? தெமோதரைத் தோட்டத்து அட்ரஸ்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா வினோதினி? யாரு மக?"

"லாரி ஓட்டுற ராமு மக."

"ராமு மகளா! அடக் கடவுளே. தெனமும் எதுத்த பக்கமே போற புள்ளயில்ல நீ? மழையில்லாட்டியும் கொடையச் சாச்சுப் புடிச்சுக்கிட்டுப் போவ. யாரோ வெயிலு ஒத்துக்காத பெரிய எடத்துப் புள்ளன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

முகம் எரிந்தது. அவர் கிண்டல் செய்யவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மேலே தட்டிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தை இறக்கினார். மருந்துச் சீட்டு, சாவிக்கொத்து, யாருடையவோ கண்ணாடி, கடிதங்கள். முத்தையா மாமாவின் பொலித்தீன் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. பிரித்தேன். பழுப்பு உறை. உள்ளே என் படம், அதன் நெற்றியில் பாதியும் தாளில் பாதியுமாக நீல முத்திரை. ஈரமே படவில்லை. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னேன்.

"இரு, இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு" என்று அவர் தகரத்தைக் கிளறினார். "கொஸ்லந்தப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, பசறைக்கு வேலைக்குப் போறப்ப பஸ் மாறுன எடத்துல குடுத்துட்டுப் போச்சு. யாரும் கேட்டு வரல. இதுவும் டவுன்ல படிக்கிற புள்ளைக்குத்தானாம். ஒனக்குத் தெரியுமா பாரு."

அதே பழுப்பு உறை. அதே அலுவலகத்தின் பெயர். பி. சுகன்யா, மேல் டிவிசன், ஒரு தோட்டத்தின் பெயர், கொஸ்லந்தை.

அப்போது எனக்கு வந்த நினைப்பை மறைக்க விரும்பவில்லை. என்னைவிட நன்றாகப் படிக்கிறவள் சுகன்யா. எத்தனை இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுடைய அறை ஊரின் மேல் கோடியில், ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த் திசை. "தெரியாதுங்க" என்று சொன்னால் உறை திரும்பத் தகரத்துக்குள் போய்விடும். இரண்டு வருடமாக இதைவிடப் பெரிய பொய்களை மூச்சுவிடுவது போலச் சொல்லியிருக்கிறேன்.

கையில் பிரித்த பொலித்தீன் இருந்தது. அதை மூன்று சுற்றுச் சுற்றிக் கயிறு போட்டிருந்தார் முத்தையா மாமா. ராமு மகள், படிக்கிற பிள்ளை என்பதைத் தவிர என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அந்தக் கண்டக்டருக்கு அதுகூடத் தெரியாது.

"தெரியும்" என்றேன். "என் கூட்டாளிதான். குடுங்க."

எங்கே என்று மட்டும் போனில் கேட்டேன், பதுளை அறைக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாள். ஆட்டோ பிடித்தேன். மேட்டுத் தெருவில் அது திணறியபோது இறங்கி ஓடினேன். கதவைத் திறந்த சுகன்யாவின் கண்கள் வீங்கியிருந்தன. மூலையில் சேறு காய்ந்த ஒரு ஜோடி சப்பாத்து கிடந்தது. உறையை நீட்டினேன். அலுவலகத்தின் பெயரை அவள் பார்க்கவில்லை, முகவரியைத்தான் பார்த்தாள். அதை நான் பார்த்துவிட்டேனா என்று என் முகத்தையும் பார்த்தாள்.

"எங்க கெடச்சுது?"

"படங்குக் கடையில."

"நான் அந்தப் பக்கமே போறதில்லையே."

"நானும்தான்" என்று என் உறையை எடுத்துக் காட்டினேன். தெமோதரை என்ற எழுத்தில் அவள் விரல் நின்றது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "அழுவுறதுன்னா ட்ரெயின்ல அழு. அர மணி நேரந்தான் இருக்கு" என்றேன்.

ஸ்டேஷனில் அம்மா ஒரு டிக்கெட்டோடு நின்றாள். இன்னொன்று எடுக்க ஓடினாள். உட்கார இடம் இல்லை, கதவருகே பையின் மேல் உட்கார்ந்தோம். ரயில் நகர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. ஹாலிஎலை வரை இருவரும் உறைகளைக் காற்று கொண்டுபோகாமல் மடியில் அழுத்திப் பிடித்திருந்தோம்.

"நேத்து போன்ல" என்று சுகன்யா மெல்ல ஆரம்பித்தாள், "பாண் ஆட்டோ சத்தம் ரெண்டு தடவ கேட்டுச்சில்ல?"

"கேட்டுச்சு. நீ எங்க நின்ன?"

"மரக்கறிக் கடைக்குப் பின்னால. தெரிஞ்சவங்க யாரும் பாத்துறக் கூடாதுன்னு."

"நான் முன்னால நின்னேன்" என்றேன்.

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நானும்தான். வடை விற்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். குடையைக் கல்லாமேசையிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சுகன்யாவை முதலில் கூப்பிட்டார்கள், அடுத்தது என்னை. கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. ஒருத்திக்குக் கிடைக்குமா, இரண்டு பேருக்குமா, யாருக்குமே இல்லையா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

வெளியே வரும்போது, திங்கட்கிழமை போனில் பேசிய அதே பெண்மணி மேசையில் இருந்தார். முடிவை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். லயத்து முகவரி வாய் வரை வந்தது, வாடகை வீட்டு முகவரியும் வந்தது.

"படங்குக் கடை, பஸ் நிலையத்துக்கு முன்னால், பதுளை" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப போன பிள்ளையும் இதே முகவரிதான் தந்தவ. நீங்க என்ன, அக்கா தங்கச்சியா?"

"இல்ல மிஸ்" என்றேன். "ஒரே ஊரு."